பக்கத்து இருக்கை

கோவையிலிருந்து ஆள் வருகிறார், பத்து மணிக்கு.
ஏழு லட்சம் சொன்னேன்.
போனில் அந்தப் பக்கம் மறுப்பே வரவில்லை.
குறைத்துக் கேட்டிருந்தால்
கோபத்தில் வைத்திருப்பேன்.

வில்லிஸ் பிக்கப். அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி.
மூடிப்போன தேயிலை ஃபேக்டரியின் பின்புறம்
அதன் தொட்டிக்குள் சீகை மரம் ஒன்று முளைத்து
என் தொடையளவு பருத்திருந்தது.
எடைக்குப் போட இருந்ததை
எடைக் காசுக்கே வாங்கினேன்.
மரத்தை அறுக்க ஒரு நாள்.
மீதியை நிமிர்த்த ஆறு வருஷம்.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில்
கார்புரேட்டர் தேடிய சனிக்கிழமைகளை
நோட்டில் எழுதிவந்தேன்.
மூன்றரை லட்சத்தில் பேனா தீர்ந்தது.
வேறு பேனா வாங்கவில்லை.

வீடு ஒழுகியபோது வாளி வைத்தேன்.
வண்டி மேல் ஒழுகியபோது தகரம் வாங்கினேன்.
மாதி இதைச் சொல்லிக்காட்டியதில்லை.
வாளியைக் காலி செய்து
மறுபடி அதே இடத்தில் வைப்பாள்,
சத்தம் கேட்கும்படி.

இலை விலை இந்த வருஷமும் எழவில்லை.
சங்கத்துக் கடன் கடிதம் டீவி மேல் கிடக்கிறது.
"விக்கறதுன்னா வித்துருங்க,
வெச்சிருக்கறதுன்னா வெச்சிருங்க.
என்னாலதான் விக்கலைன்னு மட்டும்
யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

ராத்திரி உட்கார்ந்து
வாங்குகிறவருக்கு ஒரு தாள் எழுதினேன்:
உறைபனிக் காலையில் சோக்கைப் பாதிதான் இழுக்கணும்.
ஆக்சிலேட்டரை இரண்டு தரம் மிதித்து
காலை எடுத்துவிட்டுப் பத்து எண்ணணும்.
ஒன்பதில் அவசரப்பட்டால்
பெட்ரோல் நாறும், அரை மணி நேரம் பேசாது.
இரண்டாவது கியரைத் தள்ள வேண்டாம்,
காட்டினால் போதும், தானே போகும்.
மைல் முள் நின்றாலும் இருபது, ஓடினாலும் இருபது.
நம்ப வேண்டாம்.
தாளின் பின்பக்கமும் நிறைந்தது.
கடைசி வரி 'மழையில்' என்று ஆரம்பித்து
அங்கேயே நிற்கிறது.

வந்தவர் பெயர் கவின்பிரசாத். முப்பது வயசு இருக்கும்.
தாளைப் படிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
ஏறினார். ஸ்டார்ட்டரை மிதித்தார்.
ஒரே மிதி.
என்னிடம் ஒரு நாளும் அப்படி எழுந்ததில்லை,
துரோகி.

ரிசார்ட் வாசலில் நிறுத்தி
தொட்டியில் பூச்செடி வைக்கத்தான் கேட்கிறார்,
அதைச் சொல்லியே மறுத்துவிடலாம்
என்று இருந்தேன்.
"எதுக்கு வாங்குறீங்க?"
"ஓட்டத்தான் சார். வேற எதுக்கு?"
அந்தச் சாக்கும் போனது.

அரவேணு வரை போய்த் திரும்பலாம் என்றார்.
வண்டி ஓட ஆரம்பித்து நான்கு வருஷம்,
அந்தப் பக்கக் கதவைத் திறந்து
நான் ஏறுவது முதல் தடவை.

கோத்தகிரி தாண்டிய இரண்டாவது வளைவில்
இடது முழங்காலில் காற்று குத்தியது.
குனிந்தேன்.
டேஷ்போர்டுக்கு அடியில் விரல் நுழையும் ஓட்டை.
அதில் திணித்த துணி பாதி உருவி ஆடிக்கொண்டிருந்தது,
நீலத்தில் வெள்ளைப் புள்ளி.
மாதியின் பழைய ஜாக்கெட்.
மீதி ஓட்டை வழியே தார்ரோடு ஓடியது.

"இந்தப் பக்கம் காத்து வருது"
என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது.
"மலைன்னா காத்து வராதா?"
என்றது யார் என்பதும்.

கவின் நன்றாகத்தான் ஓட்டினார்.
இரண்டாவது கியரைத் தள்ளவில்லை.
காட்டினார்.

வாசலில் இறங்கிப் பணப் பேச்சை எடுத்தவரிடம்
ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு,
பத்து நாள் கழிச்சு வாங்க என்றேன்.
மாதி வாளியைக் கவிழ்த்தபடி கேட்டாள்:
"அடைக்கறது சரி.
யாருக்கு அடைக்கறீங்க?"

பத்தில் எட்டு நாள் போய்விட்டது.
தகரத்தை அளவாக வெட்டி வைத்திருக்கிறேன்.
நான்கு ரிவெட்.
அரை மணி நேர வேலை.